அப்புறம்

அந்த நிலையத்தில் ‘இல்லை’ என்ற சொல்லுக்கு இடமில்லை. பொறுப்பாளர் அக்கா வந்து சேர்ந்த புதிதில் போட்ட முதல் சட்டமே அதுதான். ஊழியர்களை எல்லாம் கூடத்தில் உட்காரவைத்துச் சொன்னாள்:

“இந்தப் பிள்ளைங்க பொறந்ததுலேருந்து கேட்டுட்டு இருக்கிற ஒரே வார்த்தை அதுதான். பள்ளிக்கூடத்துல இடம் இல்ல, விசேஷத்துக்குக் கூப்பிட ஆள் இல்ல, வேலைக்குச் சேர்த்துக்க மனசு இல்ல. இங்க வந்தும் அதையே கேக்கணுமா? அப்புறம்னு சொல்லுங்க. அப்புறம் தரேன், அப்புறம் போலாம். கதவை மூஞ்சில அறைஞ்சு சாத்துறதுக்கும் ஒருக்களிச்சு வைக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்குல்ல?”

பிள்ளைகள் என்று அவள் சொன்னவர்களில் பாதிப் பேருக்கு நரை தட்டியிருந்தது. மூளை வளர்ச்சி பின்தங்கியவர்கள் கீழ்த்தளத்தில். மனம் நொந்து நோயில் விழுந்தவர்கள் மேல்தளத்தில். வீட்டை விட்டு வர முடியாதவர்களைத் தேடிப்போக ஒரு வேன். எல்லாவற்றுக்கும் அவள்தான் தலைமை. வயதில் மூத்தவர்களும் அவளை அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

அந்தச் சட்டம் நன்றாகத்தான் ஓடியது. அறைகளில் அடிதடி குறைந்தது, அழுகை குறைந்தது. வேன் டிரைவர் மட்டும் அதை வைத்துக் கேலி பேசிக்கொண்டே இருப்பான்.

“வண்டிக்கு டயர் கேட்டேன், அப்புறம்னீங்க. எனக்குப் புரிஞ்சுது அக்கா. டயருக்குப் புரியல. வெடிச்சிடுச்சு.”

“வாயிருக்குன்னு பேசாத. வண்டியை எடு.”

“நம்ம இடத்துக்குப் பேரையே அப்புறம் நிலையம்னு மாத்திடலாம். போர்டு எழுதச் சொல்லட்டுமா?”

“அப்புறம் சொல்றேன்,” என்றாள் அக்கா. கூடமே சிரித்தது.

கட்டடம் ஒரு காலத்தில் நூல் கிடங்காக இருந்தது. பின்பக்கத்துப் படிகள் இறங்கினால் சின்ன இரும்புக் கதவு. அதைத் தாண்டினால் கால்வாய். ஏரி மதகிலிருந்து வரும் தண்ணீர் அதில்தான் ஓடியது. கால்வாயின் குறுக்கே ஒரு தடுப்புச் சுவர், ஓர் ஆள் நடக்கும் அகலம். வெயில் காலத்தில் அக்கரைக்காரர்கள் அதன்மேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்துபோவார்கள். மழைக்காலத்தில் யாரும் அதில் கால் வைப்பதில்லை. மதகைத் திறக்குமுன் சங்கு ஊதும். அதன் பிறகு சுவர் தண்ணீருக்குள் போய்விடும்.

இரும்புக் கதவுக்குப் பூட்டு கிடையாது. கொண்டி மட்டும்தான். “இது ஜெயில் இல்ல” என்பது அக்காவின் இரண்டாவது சட்டம்.

கீழ்த்தளத்துக் கூடத்தில் காகிதப் பை செய்யும் வேலை. நீளமான மேஜை. அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். வாயைத் திறந்தால் செந்தமிழ்தான் வரும் என்பதால் எல்லோருக்கும் அவர் புலவர். அவர் மேஜையின் நடுவே சுண்ணக்கட்டியால் கோடு கிழித்து, ஆளுக்கு ஆள் கையைப் பிடித்துப் பழக்கியிருந்தார்.

“இப்புறம் மடி. மடித்தாயிற்றா? பசை காய்ந்ததா? முடிந்ததை அப்புறம் வை.”

மடிக்காத தாள் கோட்டுக்கு இந்தப் பக்கம், முடிந்த பை கோட்டுக்கு அந்தப் பக்கம். அதில் ஒரு தடவைகூடத் தவறாதவன் ஒருவன்தான் இருந்தான். அவன் அக்காவின் தம்பி. வீட்டில் வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. நாற்பதைத் தொட்டும் சின்னவன். அவனுக்குப் பேச்சு குறைவு. ஆனால் கண்ணாடி மாதிரி ஆள். எதிரில் இருப்பவர் தலையைச் சொறிந்தால் தானும் சொறிவான், கொட்டாவி விட்டால் தானும் விடுவான். டிரைவர் வேலையற்ற வேளையில் அவன் முன்னால் நின்று ஒற்றைக்காலில் ஆடுவான். இரண்டு பேரும் கொக்கு மாதிரி நிற்பதைப் பார்த்துப் புலவர்கூடச் செந்தமிழை மறந்து சிரிப்பார்.

அந்தச் சின்னவனிடம்தான் மழைக்காலம் தொடங்கியதிலிருந்து ஒரு கேள்வி இருந்தது.

“அம்மா?”

அதற்கு அக்கா சொன்ன பதில், “அப்புறம்.”

அம்மா இறந்தபோது அவன் நிலையத்தில் இருந்தான். ஆஸ்பத்திரியில் அம்மாவோடு இருந்த அக்கா போய் அவனைக் கூட்டிக்கொண்டு வரத்தான் கிளம்பினாள். சித்திதான் கையைப் பிடித்து நிறுத்தினாள். அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. அழுத முகத்தோடும் வீட்டை நடத்தக்கூடியவள்.

“பெரியவளே, அவனை இங்க கூட்டிட்டு வந்து என்ன பண்ணப்போற? அவ முகத்தைப் பார்த்தா அவன் சுவத்துல முட்டிக்குவான். உங்க அப்பா போனப்ப என்ன பண்ணான்னு மறந்துட்டியா? நெத்தி பொளந்துச்சே!”

“சொல்லாம எப்படி சித்தி?”

“சொன்னா மட்டும் என்ன புரியப்போகுது? நாலு நாள் கேப்பான். அப்புறம் மறந்துடுவான்.”

அப்புறம். அந்தச் சொல் அன்றைக்கு அக்காவுக்கு அருமருந்தாகத் தெரிந்தது. எல்லாம் முடிந்து, குளித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனைக் கூட்டிவந்தாள். வாசலில் நின்று, “அம்மா?” என்றான். “அப்புறம்டா” என்றாள். அவன் முகம் மலர்ந்தது. எதிர்பார்த்ததைவிட நல்ல பதில் கிடைத்தவன்போல் உள்ளே போனான்.

ஒவ்வொரு மாலையும் அவன்தான் சாப்பாட்டு மேஜையில் தட்டு வைப்பான். மூன்று தட்டு. சாப்பிட்டு முடித்ததும் மூன்றாவதைக் கழுவாமல் துடைத்து எடுத்து வைப்பான். அக்கா தலையைக் குனிந்துகொண்டே சாப்பிடப் பழகிவிட்டாள்.

கடவுள் மனிதனுக்குப் பேச்சைக் கொடுத்தது ஒருவரை ஒருவர் தாங்கிக்கொள்ளத்தான். நாமோ பல நேரம் அதைப் போர்வையாக்கி அடுத்தவர் தலையோடு மூடிவிடுகிறோம். குளிருக்கு இதமாகத்தான் இருக்கும். மூச்சு முட்டுவது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு நாள் முற்பகல், மேல்தளத்து அறையில் ஓர் அப்பா வந்து உட்கார்ந்திருந்தார். அவர் மகள் கீழே பை மடிப்பவள். வீட்டில் அந்தப் பெண்ணைக் கூடவே இருந்து வளர்த்த அத்தை ஒருத்தி இறந்துபோயிருந்தாள்.

“எப்படிச் சொல்றதுன்னே தெரியல அக்கா. தூங்குறாங்கனு சொல்லிடவா?”

“சொல்லாதீங்க. நாளைக்குத் தூங்கப் பயப்படுவா.”

“ஊருக்குப் போயிருக்காங்கனு…”

“வாசல்லயே நிப்பா. நீங்க மறந்துடுவீங்க, அவ மறக்க மாட்டா. சின்னச் சின்ன வார்த்தைல உண்மையச் சொல்லுங்க. செத்துட்டாங்க. உடம்பு நின்னுபோச்சு. மூச்சு இல்ல. இனி வர மாட்டாங்க. அழுதா அழட்டும், பக்கத்துல உட்காருங்க. அது போதும்.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இதெல்லாம் உங்களுக்குக் கைவந்த கலை. எங்களால முடியுமா? உங்க வீட்டுல இப்படி ஒண்ணு நடந்தா நீங்களும் இப்படித்தான் சொல்லுவீங்களா அக்கா?”

அவருக்கு ஒன்றும் தெரியாது, வெள்ளந்தியாகத்தான் கேட்டார். அக்கா மேஜைமேல் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தாள். டம்ளர் காலியான பிறகும் வாயிலிருந்து எடுக்கவில்லை.

அவர் போனதும் சன்னலருகே வந்து நின்றாள். தூறல். கால்வாயில் தண்ணீர் பழுப்பாகச் சுழித்து ஓடியது. பின்பக்கத்துப் படியில் சின்னவன் தனியாக நின்றுகொண்டிருந்தான். கையைத் தூக்கினான். எதிர்க்கரையில், வரிசை வீடுகளின் பின்புறம், ஒரு பெண் துணிக்கொடியிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். அவளும் கையைத் தூக்கினாள். அவள் தலையில் கை வைத்தாள், அவனும் வைத்தான். அவள் இடுப்பை ஒரு பக்கம் ஒடித்தாள், அவனும் ஒடித்தான். அவள் சிரிப்பது இங்கிருந்தே தெரிந்தது. பல நாள் பழகிய விளையாட்டுபோல் இருந்தது.

முன்பின் தெரியாத ஒருத்தி, ஈரத்துணிக்கு நடுவே, இவனுக்காக ஒரு நிமிஷம் செலவழிக்கிறாள். உலகத்தில் மழை பெய்வது இப்படிப்பட்டவர்களால்தான் என்று அக்காவின் மனம் குளிர்ந்தது. அப்போதுதான் அந்தப் பெண் போர்த்தியிருந்த சால்வையைக் கவனித்தாள். நீலம். அம்மாவிடமும் அப்படி ஒரு நீலச் சால்வை இருந்தது. தொலைபேசி அடித்தது. போய் எடுத்தாள்.

அந்த வாரம் முழுவதும் வீட்டில் பொருள்கள் காணாமல் போயின. முதலில் அம்மாவின் சீப்பு. பிறகு மூக்குக்கண்ணாடி. பிறகு குளியலறை வாசலில் கிடந்த அவள் செருப்பில் ஒன்று. சித்தி வந்தபோது, “வீட்டுல எலி இருக்கா?” என்றாள்.

“எலி செருப்பு போடுமா சித்தி?”

“ஒத்தைச் செருப்பு வேற. நொண்டி எலியா இருக்கும்,” என்று சொல்லிவிட்டு, சித்தி தன் சிரிப்பைப் பாதியில் நிறுத்தினாள். சின்னவன் தன் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருவரையும் பார்த்தபடி இருந்தான்.

மறுநாள் புலவர் மாடிப்படி ஏறி வந்தார். கையில் மூக்குக்கண்ணாடி.

“பொறுப்பாளரே, ஒரு விந்தை. தம்பி இதை முடிந்த பைகளோடு வைத்திருந்தான். கோட்டுக்கு அப்புறம். எடுத்தால் விடமாட்டேன் என்கிறான். நேற்று ஒரு சீப்பு. நானும் யாருடையதோ என்றிருந்தேன்.”

அக்கா கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். ஒரு காதுப்பக்கம் நூல் சுற்றியிருந்தது, அம்மா சுற்றியது.

“துக்கம் வெளியில வருது புலவரே,” என்றாள். படித்த படிப்பு அப்படிச் சொல்லிக்கொடுத்திருந்தது. “அவன்கிட்டயே திருப்பிக் கொடுத்துடுங்க. தொந்தரவு பண்ண வேண்டாம்.”

புலவர் வாசல்வரை போய்த் திரும்பினார். வழக்கத்துக்கு மாறாகப் பேச்சுத்தமிழ் வந்தது. “அவனுக்கு இன்னும் சொல்லலையாம்மா?”

“சொல்லணும். அப்புறம்…”

அவர் கண்ணாடியை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

அன்று பிற்பகல் டிரைவர் நனைந்துகொண்டே வந்து நின்றான். முகத்தில் கேலி இல்லை.

“அக்கா, ஏரி ரொம்பிடுச்சாம். பின்கதவுக்கு ஒரு பூட்டு போட்டுடட்டுமா? மழை விடுற வரைக்கும் மட்டும். எனக்கு என்னமோ மனசே சரியில்ல.”

“பூட்டா? பார்க்கலாம். அப்புறம் சொல்றேன்.”

சொன்ன பிறகுதான் தன் குரல் தனக்கே கேட்டது. அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் காலையிலிருந்தே வானம் கவிழ்த்த சட்டிபோல் இருண்டு கிடந்தது. கூடத்தில் பகலிலேயே விளக்கு எரிந்தது. பசை காயவில்லை, பைகள் பிரிந்துகொண்டன, பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுந்தார்கள். மேல்தளத்தில் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல், அவர் மூச்சுக்குத் தன் மூச்சைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். அந்த வேலையை அவளைப்போல் செய்ய ஆள் கிடையாது.

கீழேயிருந்து புலவரின் குரல் வந்தது. “சின்னவனே! சின்னவனே!” அவர் ஓடி வருவது கேட்டது. எழுபது வயது மனிதர் ஓடினால் அந்தச் சத்தமே வேறு.

“பொறுப்பாளரே, தம்பியைக் காணோம். பையையும் காணோம். பின்கதவு திறந்து கிடக்கு.”

மாடிப்படியில் எப்படி இறங்கினாள் என்பது அவளுக்கு நினைவில்லை. பின்பக்கத்துப் படியில் மழை முகத்தில் அறைந்தது. கொண்டி தொங்கிக்கொண்டிருந்தது. டிரைவர் அவளுக்கு முன்னால் போய்க் கரையில் நின்றிருந்தான். அவன் கத்தவில்லை. கையை மட்டும் நீட்டினான்.

தடுப்புச் சுவரின் நடுவில் சின்னவன் உட்கார்ந்திருந்தான். இரண்டு பக்கமும் பழுப்புத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடியது. சுவரின் விளிம்பைத் தொட்டுவிட்டு, தொட்டுவிட்டுப் போனது. அவன் ஒரு கை தலைமேல் இருந்தது.

அக்கரையில், சுவர் தொடங்கும் இடத்தில், அந்தப் பெண் சேற்றில் உட்கார்ந்திருந்தாள். தலையோடு போர்த்திய நீலச் சால்வை நனைந்து கறுத்து உடம்போடு ஒட்டியிருந்தது. அவள் கையும் தலைமேல் இருந்தது. அவன் எழுந்திருக்கப்போவதுபோல் அசையும் போதெல்லாம் அவள் கையை மாற்றினாள், அவனும் மாற்றினான். அவள் கத்தவில்லை. கத்தினால் அவன் மிரளுவான் என்று பயந்திருக்க வேண்டும். அவனைக் கண்டவுடன் சேறென்றும் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவனும் உட்கார்ந்துவிட்டான். அந்த ஒரு விளையாட்டை மட்டும் வைத்துக்கொண்டு, அவள் ஓர் உயிரைக் கால்வாய்க்கு நடுவில் பிடித்து வைத்திருந்தாள்.

“மதகு அறைக்குப் போன் அடிச்சிட்டே இருக்கேன், எடுக்க மாட்டேங்கறாங்க,” என்றான் டிரைவர். “நான் வண்டில போயி நிறுத்தச் சொல்றேன். நீங்க போவாதீங்க அக்கா. வழுக்கும்.”

“நீ போ,” என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரில் ஏறினாள். புலவர் பின்னாலிருந்து ஏதோ சொன்னார். அது பாட்டா, பிரார்த்தனையா என்று தெரியவில்லை.

பாசி காலடியில் நழுவியது. முட்டி போட்டு, கையூன்றி, ஊர்ந்துதான் போனாள். அவனுக்குப் பக்கத்தில் போனதும் தொடாமல் உட்கார்ந்தாள்.

“சின்னவனே.”

அவன் திரும்பிச் சிரித்தான். உதடு நீலம் பாய்ந்திருந்தது. மடியில் துணிப்பை. கோட்டைக் காட்டுவதுபோல் சுவரைக் காட்டி, அக்கரையைக் காட்டினான்.

“அம்மா அப்புறம்.”

அவளுக்குக் காதில் தண்ணீர்ச் சத்தம் நின்றுபோனது. அந்தப் புறம். முடிந்ததெல்லாம் போகிற பக்கம். கேட்கும்போதெல்லாம் அவள் அவனுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்கு அது காலம். அவனுக்கு அது இடம். ‘எப்போது’ என்று அவன் கேட்கவே இல்லை. ‘எங்கே’ என்றுதான் கேட்டான். பதில் கிடைத்ததும் முகம் மலர்ந்தான். சீப்பையும் கண்ணாடியையும் செருப்பையும் கொண்டுபோய்க் கொடுக்கக் கிளம்பிவிட்டான்.

“வா, வீட்டுக்குப் போலாம்.”

“அம்மா அப்புறம்,” என்றான் அவன் பொறுமையாக, புரியாதவளுக்குச் சொல்வதுபோல்.

ஒரு வார்த்தை போதும். ‘அம்மா வீட்டுல இருக்காங்க’ என்றால் உடனே எழுந்து பின்னால் வருவான். வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்றது. தண்ணீர் சுவரின்மேல் ஏறி அவர்கள் கால் விரல்களை நனைத்துவிட்டு இறங்கியது. ஆண்டவனே, இன்னும் ஒரே ஒரு பொய், கரை ஏறினதும் சொல்லிவிடுகிறேன் என்று மனசு கெஞ்சியது. கரை ஏறினதும். அதாவது, அப்புறம்.

அவள் அவன் கையைத் தலையிலிருந்து எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

“சின்னவனே, அது அம்மா இல்ல. அது வேற ஒருத்தங்க. நல்லவங்க. அம்மா இல்ல.”

“அப்புறம்.”

“அப்புறம் இல்லடா. அம்மா அப்புறமும் இல்ல, இப்புறமும் இல்ல. அம்மா செத்துட்டாங்க. உடம்பு நின்னுபோச்சு. மூச்சு இல்ல. இனி வர மாட்டாங்க. அக்கா தப்பாச் சொல்லிட்டேன்.”

அவன் அவள் வாயையே பார்த்தான். அந்த நிலையத்தில் யாரும் சொல்லாத சொல்லை முதல்முதலாக அக்காவின் வாயிலிருந்து கேட்கிறான்.

“இல்ல?” என்றான்.

“இல்ல.”

எதிர்க்கரைப் பெண்ணைப் பார்த்தான். அவள் என்ன நடக்கிறது என்று புரிந்தவள்போல் சால்வையைத் தலையிலிருந்து இறக்கினாள். நரைக்காத தலை, வேறு முகம். அவன் நீண்ட நேரம் பார்த்தான். பிறகு அவன் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு சத்தம் புறப்பட்டது. அதே நேரத்தில் ஏரிப் பக்கத்திலிருந்து சங்கும் ஊதியது. எது அவன் குரல், எது சங்கு என்று பிரிக்க முடியவில்லை. அவன் தலையைச் சுவரில் மோதக் குனிந்தான். அக்கா தன் உள்ளங்கையைக் கொண்டுபோய் அவன் நெற்றிக்கும் கல்லுக்கும் நடுவில் வைத்தாள். மோதினான். மறுபடி மோதினான். அவள் கையை எடுக்கவில்லை.

பிறகு அவன் நிமிர்ந்து, மடியிலிருந்த துணிப்பையை எடுத்தான். அதன் வாயை ஒழுங்காக மடித்தான், விரலால் நீவினான். முடிந்த வேலையை வைப்பதுபோல், தனக்கு அந்தப் பக்கமாகச் சுவரின்மேல் வைத்தான். இந்தப் பக்கம் திரும்பினான்.

முன்னால் அக்கா, பின்னால் அவன். அவள் எப்படி ஊர்ந்தாளோ அப்படியே அவனும் ஊர்ந்தான். அவள் வலது கையை ஊன்றினால் அவனும் வலது கை. புலவர் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று இருவரையும் இழுத்தார். படியேறித் திரும்பிப் பார்த்தபோது சுவர் இல்லை, தண்ணீர்தான் இருந்தது. பையும் இல்லை. டிரைவர் மதகு அறைக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை.

அக்கரையில் அந்தப் பெண் எழுந்து நின்றிருந்தாள். மெல்லக் கையைத் தூக்கினாள். சின்னவன் தூக்கவில்லை. அக்கா தூக்கினாள்.

அன்று மாலை சித்தி வந்து, கட்டுப்போட்டிருந்த அக்காவின் கையைப் பார்த்துவிட்டு, நேராகப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். டிரைவர் பின்கதவுக்குப் பூட்டு போட்டு முடித்த சேதியைச் சொல்லிவிட்டு, கேலி எதுவும் வராமல் வாசலோடு போனான். தூரத்தில் கால்வாய் இரைந்துகொண்டே இருந்தது.

சின்னவன் தட்டுகளை எடுத்தான். மூன்று. ஒன்றை வைத்தான். இன்னொன்றை வைத்தான். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். சித்தி அடுக்களை வாசலில் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் அந்தத் தட்டைத் திருப்பி அலமாரியில் கவிழ்த்து வைத்தான். உட்கார்ந்தான். அப்புறம், இத்தனை நாளும் அம்மாவைக் கேட்ட அதே தொனியில் கேட்டான்:

“அக்கா?”

எப்போதும் இருப்பேன் என்று சொல்ல யாருக்கு அதிகாரம் இருக்கிறது? பழைய சொல் ஒன்று தொண்டைவரை வந்தது. விழுங்கினாள். நாற்காலியை இழுத்து அவனுக்கு இந்தப் பக்கம், தோளோடு தோள் உரச உட்கார்ந்தாள்.

“அக்கா இப்புறம்டா.”

அவன் அதை எடை போடுவதுபோல் அவளைப் பார்த்தான். நம்பினானா என்று தெரியவில்லை. ஒரு கையால் அவள் சட்டைக் கையின் நுனியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் சாப்பிடத் தொடங்கினான். சாப்பிட்டு முடித்த பிறகும் விடவில்லை. அவளும் எழுந்திருக்கவில்லை. அவன் சாப்பிட்ட கை தட்டிலேயே காய்ந்துபோயிற்று. வெளியே சங்கு மறுபடியும் ஊதியது.